கடலடிச் சம்பந்தியும் மலையடிச் சம்பந்தியும்

இலாயா
ஆகஸ்ட் 28

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

நலம். உங்கள் நலமும் என் மகள் எர்லிந்தாவின் நலமும் அறிய ஆவல். ஜீப் ஓட்டும் பெந்தோயிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு சாக்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்றை அவன் தின்றிருப்பான். பெரிதுபடுத்த வேண்டாம்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். சுற்றி வளைத்துப் பேச வராது. எர்லிந்தாவுக்கு அக்டோபர் கடைசியில் பிரசவம். உங்கள் மகன் ரூஃபினோவின் சரக்குக் கப்பல் பிப்ரவரிக்கு முன்னால் திரும்பாது. அக்டோபரும் நவம்பரும் நம் தீவுக்கு எப்படிப்பட்ட மாதங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் அவளை இங்கே அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது கடற்கரையில் இருக்கும் ஓலை வீடு. என்னுடையது சிமெண்ட் வீடு. ஜூலையில் வந்த சின்னப் புயலுக்கே உங்கள் அடுப்படிக் கூரை பறந்ததாகவும், நீங்களும் அவளும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியதாகவும் எர்லிந்தா எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறாள். படித்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் தயாராக இருக்க வேண்டிய பொருட்களின் பட்டியலைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

தங்கள்,
தமியானா


தபுகான்
செப்டம்பர் 3

சம்பந்தி அம்மாளுக்கு,

கிழங்கு வந்தது. மூன்று இல்லை, கால் சாக்கு குறைகிறது. கேட்டால் பெந்தோய், "ரோடு குலுக்குன குலுக்குல கீழ விழுந்துருச்சு அக்கா" என்கிறான். வாயோரத்தில் தோல் ஒட்டியிருந்தது.

உங்கள் பட்டியலும் வந்தது. தீப்பெட்டி, மெழுகுவத்தி, தண்ணீர், அரிசி. சம்பந்தி, நான் பிறந்ததே ஒரு புயலில். என் அம்மா என்னைக் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் பெற்றாள். எனக்குப் பட்டியலா? ஜூன் மாதமே அரிசியைத் தகரத்தில் போட்டு வாயை மெழுகால் அடைத்தாகிவிட்டது. ரூஃபினோவின் பத்திரங்கள், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி என் தலைமாட்டில் இருக்கின்றன. தென்னை மட்டைகளை வெட்டிவிட்டேன். பழைய மீன்வலையைக் கூரை மேல் விரித்து, நான்கு மூலைக்கும் அபாகா வாழை நார்க் கயிறு போட்டு முளையடித்துக் கட்டியிருக்கிறேன். ஜூலையில் பறந்தது அடுப்படி. அதற்கு வலை போதவில்லை. இப்போது போட்டாகிவிட்டது.

ஜூலைப் புயலுக்கு ரேடியோவில் சொன்ன எச்சரிக்கை சிக்னல் ஒன்றுதான். அதனால்தான் வீட்டில் இருந்தோம். ரேடியோவில் இரண்டு என்று சொன்னால் இந்த ஊரில் ஒரு நாய்கூடக் கீழே இருக்காது. எல்லோரும் குன்றின் மேல் உள்ள கல் கோயிலுக்குப் போய்விடுவோம். கடல் ஏறி வந்தால் எவ்வளவு தூரம் வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று என் கூரையை அண்ணாந்து பார்த்து, "இதுக்குள்ளயா?" என்று கேட்டீர்களே. மெல்லத்தான் கேட்டீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எர்லிந்தா பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்துப் பிழையைத் திருத்துகிறாள். "அத்தை, இப்படியெல்லாம் எழுதாதீங்க, அம்மா அழுவாங்க" என்கிறாள். டீச்சர் அழுவாரா என்ன? அவளிடமே கேட்டேன், போகிறாயா என்று. "இங்கயே இருக்கேன்" என்றாள். நான் பிடித்து வைக்கவில்லை.

கருவாடு அனுப்புகிறேன். பெந்தோய் பச்சையாகத் தின்ன மாட்டான், முழுசாக வரும்.

சலூத்


இலாயா
செப்டம்பர் 11

சம்பந்தி அம்மாளுக்கு,

கருவாடு முழுசாக வந்தது. மிக ருசி.

கல்யாணத்தன்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். இது மன்னிப்பு ஆகாது என்று எனக்கே தெரிகிறது.

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம். அதில் இருந்ததை இப்போது நேராகவே எழுதுகிறேன்.

எர்லிந்தாவைக் காப்பாற்ற மட்டும் நான் கூப்பிடவில்லை. என் கணவர் எல்பிதியோ போய் இது முதல் வருடம். இத்தனை காலமும் புயல் வந்தால் ஜன்னலுக்குப் பலகை அடிப்பது, கூரைத் தகரத்துக்குக் கம்பி முறுக்குவது, தண்ணீர்ப் பீப்பாயை உள்ளே உருட்டுவது எல்லாம் அவர்தான். நான் விளக்கை ஏற்றிவைத்து உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளுக்குப் பட்டியல் எழுதிப் போட்ட எனக்கு ஒரு பலகையை நேராக அடிக்கத் தெரியாது. போன வாரம் காற்றடித்தபோது கூரையில் ஒரு தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில்.

பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் தேவலை என்றுதான் மகளைக் கேட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கேட்டது தப்பு. எர்லிந்தாவிடம் இதைக் காட்ட வேண்டாம். பிழை திருத்த உட்கார்ந்திருந்தால் எழுந்து போகச் சொல்லுங்கள்.

தமியானா


தபுகான்
செப்டம்பர் 16

சம்பந்தி,

எர்லிந்தாவிடம் காட்டவில்லை. இதை நானே எழுதுகிறேன், பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பெந்தோய் வண்டியில் வருகிறேன். அரிவாள், ரம்பம், கயிறு எல்லாம் கொண்டுவருகிறேன். எர்லிந்தாவும் வருகிறாள். அவளுக்கு உங்களைப் பார்க்க ஆசை. உங்களுக்குச் சரியென்று பட்டால் பிரசவம்வரை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். ஏணி ஒன்று வேண்டும். நான் கூரை மேல் இருக்கும்போது கீழே நின்று "பார்த்து, பார்த்து" என்று சொல்லக்கூடாது. அதைக் கேட்டால்தான் எனக்குக் கால் வழுக்கும்.

சலூத்


இலாயா
அக்டோபர் 2

சம்பந்தி அம்மாளுக்கு,

செய்த வேலைக்கு முதலில் நன்றி. கூரைத் தகரம் இப்போது முனகக்கூட இல்லை. ஜன்னல் பலகைகளில் நீங்கள் எண் போட்டுவிட்டுப் போனதால் எது எங்கே என்று எனக்கே தெரிகிறது. பலாக் கிளையை வெட்டியது மட்டும் கொஞ்சம் கூடுதல். அதில் பிஞ்சு இருந்தது.

ஆனால் நீங்கள் போன விதம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மலைமேல் ஏறிப் போனீர்கள். முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால், "தமியானா, வீடு நல்லாத்தான் இருக்கு. மலைதான் சரியில்ல. மேல மண்ணு பிளந்து கெடக்கு, என் காலு உள்ள போவுது. மழை காலத்துல இங்க மனுசன் படுக்கக் கூடாது" என்றீர்கள்.

அந்த வீட்டை எல்பிதியோ பதினொரு வருடம் கட்டினார். விடுமுறை விடுமுறையாக, ஆற்று மணலைத் தானே சுமந்து கட்டினார். பின்சுவரை இரட்டைக் கல்லாக வைத்தார். மலைமேல் வெடிப்பு வெயில் காலத்தில் எப்போதும் வரும். போன வருடம் அபாகா வாழைகளை வெட்டிவிட்டதால் இப்போது வெளியே தெரிகிறது. அவ்வளவுதான். நாற்பது வருடமாக நான் பார்க்கும் மலை. அரை நாள் வந்தவர் சொல்லிவிட்டீர்கள்.

அதைவிட, எர்லிந்தா. அவளை என்னிடம் விட்டுப் போவதாகத்தான் பேச்சு. உங்கள் பேச்சைக் கேட்டதும் அவள் தன் பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நீயும் வாம்மா" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் எங்கே போவேன்?

தமியானா


தபுகான்
அக்டோபர் 7

சம்பந்தி,

ஆட்கள் முன்னால் சொன்னது தப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தப்பு, பயத்தில் வந்துவிட்டது. சொன்னது தப்பில்லை.

எனக்கு மலை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. இஸ்கோ, அதாவது என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ரூஃபினோவிடம்கூட. அப்போது அவனுக்கு ஆறு வயது.

சிக்னல் மூன்று. எல்லோரும் கோயிலில் இருந்தோம். பிற்பகலில் காற்று சட்டென்று நின்றது. வெயில்கூட அடித்தது. பறவை கத்தியது. புயலின் கண் தலைக்கு மேல் வந்தால் அப்படித்தான் இருக்கும். அது தாண்டியதும் மறுபக்கத்துக் காற்று முன்னைவிட மோசமாக அடிக்கும். அவருக்கும் தெரியும். இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். படகில் இன்ஜின் இருந்தது, புதுசு. "ஓடிப்போய் கழட்டிட்டு ஓடி வந்துடறேன்" என்றார். நான் கையைப் பிடித்தேன். "முப்பது வருசமா பாக்குறேன், இந்தக் கடலப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். நான் கையை விட்டுவிட்டேன்.

அவர் பாதி வழியில் இருக்கும்போது கடல் ஏறியது. நான் கோயில் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுக்காரர் கட்டிய சுவரை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கட்டிய படகும் நல்ல படகுதான். மூன்று நாள் கழித்துக் கிடைத்தது, ஒரு கீறல் இல்லை.

நாற்பது வருடம் பார்த்த மலை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் இஸ்கோ சொன்னதுதான் என் காதில் விழுந்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

எர்லிந்தாவுக்குக் கால் வீக்கம் இல்லை. சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் நிறைய மிளகாய் போட்டு வைத்தால் இரண்டு தட்டுச் சாப்பிடுகிறாள்.

சலூத்


தபுகான்
அக்டோபர் 24, காலை

சம்பந்தி,

ரேடியோவில் இரண்டு என்று சொல்லிவிட்டான். மாலைக்குள் மூன்று ஆக்கிவிடுவான். அலை வரும் தினுசு எனக்குப் பிடிக்கவில்லை, காற்றே இல்லாமல் நெடுநெடுவென்று வருகிறது. நாங்கள் கோயிலுக்குப் போகிறோம். எர்லிந்தா, பன்றி, இரண்டு கோழி, நான்.

பெந்தோய் இன்று பத்தரை மணிக்கு உங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவான். ஏறிவிடுங்கள். உங்கள் பதிலுக்காக நான் இத்தனை நாள் காத்திருந்தேன், அது வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வந்தால் போதும். கோயிலில் தூணோரமாக உங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.

சலூத்


(அதே தாளின் பின்பக்கம்)

இலாயா
அக்டோபர் 24, 10.40

அன்புள்ள சலூத்,

பெந்தோய் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறான். நான் வரவில்லை. இங்கே என் சந்தில் ஏழு குடும்பம். புயல் என்றதும் எல்லோரும் சிமெண்ட் வீடு என்று என்னிடம்தான் வருவார்கள். பூட்டிவிட்டு நான் மட்டும் ஜீப்பில் ஏறிப் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்?

கோபம் இல்லை. உங்கள் அக்டோபர் 7 கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம், எழுதத் தெரியவில்லை. நான்கு தடவை உட்கார்ந்தேன். அது என் மேல்சட்டைப் பையில்தான் இருக்கிறது.

பின்சுவர்ப் பக்கம் யாரையும் படுக்க விட மாட்டேன். எர்லிந்தாவுக்கு என் கம்பளியை அனுப்புகிறேன். அவளுக்கு நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து

அவன் வண்டியை எடுக்கிறான்

தமியானா


தபுகான், கோயில்
அக்டோபர் 28

தமியானா,

பேத்தி பிறந்திருக்கிறாள். இருபத்தைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு. எர்லிந்தா நன்றாக இருக்கிறாள். குழந்தை நன்றாக இருக்கிறது, குரல் உன்னுடையது, முழு வகுப்புக்கும் கேட்கும்.

காற்று நின்ற நேரத்தில் வலி கண்டது. மருத்துவச்சி செபா எங்களோடுதான் இருந்தாள், நல்லவேளை. பாதிரியார் உடை வைக்கும் அறையில் மேசையைக் காலி செய்து படுக்க வைத்தோம். மறுகாற்று வந்தபோது கோயில் கூரையில் ஒரு பக்கம் போய்விட்டது. மேலேயிருந்து தண்ணீர் கொட்ட, நானும் இன்னும் மூன்று பெண்களும் உன் கம்பளியை நான்கு மூலையும் பிடித்து அவள் மேல் பந்தலாக நின்றோம். அவள் என் கையைக் கடித்த தழும்பு இருக்கிறது. "அம்மா, அம்மா" என்றுதான் கத்தினாள். என்னையில்லை, உன்னை.

கீழே ஊர் இல்லை. என் வீட்டில் நான்கு மூலைக்கால் மட்டும் நிற்கின்றன. ஆட்கள் எல்லோரும் இருக்கிறோம், ஒருவர் குறையவில்லை.

தமியானா, கோயில் குன்றிலிருந்து பார்த்தால் இலாயா மலை தெரியும். அதில் மேலிருந்து கீழ்வரை சிவப்பாக ஒரு கீறல் தெரிகிறது. இருபத்தாறாம் தேதி காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எர்லிந்தாவிடம் மழை மேகம் மறைக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்து வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

ரோடு இல்லை. ஜீப்பும் இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. பெந்தோய் நடந்தே வருகிறேன் என்கிறான். கிழங்கு தின்ற கடனுக்கு என்கிறான். அழுதுகொண்டேதான் சொல்கிறான்.

அந்தக் காலையில் நானே வந்து உன்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து ஏற்றியிருக்க வேண்டும். மறுபடியும் கையை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பதில் எழுது. ஒரு வரி போதும். திட்டி எழுதினாலும் போதும்.

சலூத்


இலாயா, பள்ளிக்கூடம்
நவம்பர் 1

அன்புள்ள சலூத்,

இருக்கிறேன். சந்தில் உள்ள ஏழு குடும்பமும் இருக்கிறது. முதலில் அதை எழுதிவிட்டேன்.

பெந்தோய் இரண்டு நாள் நடந்து வந்தான். என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். கடிதத்தை நீட்டினான். பேத்தி என்ற சொல்லைப் படித்ததும் நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு என் வீட்டில் முப்பத்தொரு பேர். மழை கொட்டுகிறது, காற்று இன்னும் முழுசாக வரவில்லை. யாரோ பின்கதவைச் சாத்தப் போனார்கள். சாத்த முடியவில்லை. விடிந்தபோது நானே சாத்திய கதவு. ஈரத்தில் உப்பியிருக்கிறது என்று தோளால் இடித்தார்கள். நான் விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கதவு உப்பவில்லை. நிலைதான் ஒரு பக்கம் கோணியிருந்தது. எல்பிதியோ ரசமட்டம் வைத்து நட்ட நிலை, சலூத். அவர் வைத்தது கோணாது. வீட்டைப் பின்னாலிருந்து ஏதோ தள்ளுகிறது என்று அப்போது புரிந்தது.

"எல்லாரும் எந்திரிங்க. பள்ளிக்கூடத்துக்குப் போறோம், இப்பவே" என்றேன். "டீச்சர், இது சிமெண்ட் வீடு" என்றார்கள். வகுப்பில் கத்துவது போல் கத்தினேன். பள்ளிக்கூடம் எதிர்மேட்டில், பாறை மேல். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். பழைய மாணவன் ஒருவன், இன்று மூன்று பிள்ளைக்குத் தகப்பன், என்னை முதுகில் தூக்கிக்கொண்டான்.

பிற்பகலில் காற்று நின்றது. வெயிலடித்தது. நீ எழுதியிருந்தபடியே. உடனே நான்கைந்து பேர் கிளம்பிவிட்டார்கள். ஒருவருக்குப் பன்றி, ஒருவருக்கு அரிசி. நான் கதவை மறித்து நின்றேன். "கண்ணு தாண்ட அரை மணி ஆவும் டீச்சர், பத்து நிமிசத்துல வந்துருவோம்" என்றார்கள். பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். இஸ்கோவைப் பற்றி நீ எழுதியதை, முழுசாக, முப்பத்தொரு பேருக்கும். நீ யாரிடமும் சொல்லாததை உன்னைக் கேட்காமல் வாசித்தேன். அதற்கு நீ என்னைத் திட்டலாம்.

"நான் கையை விட்டுவிட்டேன்" என்ற இடத்துக்கு வந்தபோது கிளம்பியவர்கள் உட்கார்ந்தார்கள். பன்றிக்காரரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரை வாசித்துவிட்டு மடித்தேன். மடித்துப் பைக்குள் வைப்பதற்குள் மலை வந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, காலில் கேட்டது. எதிர்மேட்டிலிருந்து எல்லோரும் பார்த்தோம். எங்கள் சந்து இருந்த இடம் வெறும் சிவப்பு மண்ணாக இருந்தது. அதன் பிறகு மறுகாற்று வந்தது.

நீ யாருடைய கையையும் விடவில்லை, சலூத். இங்கே நான்கைந்து பேரைப் பிடித்து நிறுத்தியது உன் கைதான்.

இன்று கல்லறைக்குப் போகும் நாள். எல்பிதியோவின் கல்லறை மேட்டில் இருப்பதால் தப்பித்தது. மெழுகுவத்தி இல்லை, பிலி மரப் பிசினைக் கொளுத்தி வைத்தேன். வீடு போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன். நிலையைப் பற்றியும் சொன்னேன். நேராக நட்டதால்தான் கோணல் தெரிந்தது என்றேன். அவருக்கு அது பிடித்திருக்கும்.

இனி எங்கே போவது என்று யோசிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் இருப்பது? நகரத்தில் என் தம்பி வீடு இருக்கிறது. உனக்குப் பாரமாக வர எனக்கு விருப்பமில்லை. அங்கே நான்கு கால்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதில் நானும் எங்கே? ஆனால் குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் அல்லவா?

உன்,
தமியானா


தபுகான்
நவம்பர் 5

தமியானா,

உன் கடிதத்தை எர்லிந்தாதான் வாசித்தாள். எனக்கு முதல் வார்த்தைக்கு மேல் கண் தெரியவில்லை. பாதியில் அவளாலும் முடியவில்லை. மருத்துவச்சி செபா வாங்கி மிச்சத்தை வாசித்தாள். அவளுக்கும் மூக்கு ஒழுகியது. ஆக இஸ்கோவின் கதை இந்தக் கரைக்கும் தெரிந்துபோயிற்று. தெரியட்டும். இத்தனை வருடம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது, முப்பத்தொரு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாய்.

நகரத்துக்குத் தம்பி வீட்டுக்கா? உனக்கென்ன பைத்தியமா? நான்கு கால் நிற்கிறது என்றுதானே எழுதினேன். கால் நின்றால் வீடு நிற்கிற மாதிரிதான். நேற்றே ஓலை வேய்ந்தாகிவிட்டது. ஊரே கூடி ஒருவர் வீட்டை ஒருவர் கட்டுகிறோம். ஓலை வீட்டில் இதுதான் வசதி, போனால் நான்கு நாளில் வரும். கீழே கரையில் இல்லை, இந்தத் தடவை அந்த நான்கு காலையும் பிடுங்கிக் குன்றின் பாதி மேட்டில் நட்டிருக்கிறேன். ஒரு புயல் வந்தால் இருபது படி ஏறினால் கோயில். உனக்கு முட்டி வலி என்று எர்லிந்தா சொன்னாள், அதற்கும் சேர்த்துத்தான்.

பெந்தோய் திரும்பவும் வருகிறான், அவனோடு மெதுவாக நடந்து வா. ஆற்றைக் காலையில் கடந்துவிடு, மதிய மழைக்கு முன்னால். தண்ணீர் கலங்கி வந்தால் இறங்காதே, அக்கரையிலேயே இரு. நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

ரூஃபினோவுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். பாதிரியார் தினமும் வந்து, "ஞானஸ்நானம் எப்போ? குழந்தைக்குப் பேர் என்ன?" என்று கேட்கிறார். எர்லிந்தாவைக் கேட்டால், "நீங்களும் அம்மாவும் பேசி முடிவு பண்ணுங்க" என்கிறாள். என் மனசில் ஒரு பெயர் இருக்கிறது. உனக்கு அது கட்டாயம் பிடிக்காது. உன் மனசிலும் ஒன்று இருக்கும், நீளமாக, படித்தவர்கள் வைக்கிற பெயராக. அது எனக்குப் பிடிக்காது. பாதிரியாரிடம், "சண்டை போட ஆள் மலையிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறாள், பொறுங்க சாமி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிள்ளையைப் பாப்பா பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். சீக்கிரம் வா.

சலூத்